ஞாயிற்றுக்கிழமை பேட்ச்

எங்களுக்குக் கம்ப்யூட்டர் விற்ற கம்பெனி, அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னாலேயே கண்ணை மூடிவிட்டது. மிச்சம் மீதியைப் பம்பாயில் யாரோ வாங்கினார்கள். வாங்கியவர்கள் எங்களுக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே, வருடாந்திர ஒப்பந்தம் போட்டால்தான் இனி வாயைத் திறப்போம் என்கிற தோரணையில் எழுதியிருந்தார்கள். எங்கள் ஜி.எம். அதைப் படித்துவிட்டு, ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்று என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அவர் சொன்னது கம்ப்யூட்டரை. அதற்குப் பிறகு ஓடியதெல்லாம் நான்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஓசூர் தொழிற்பேட்டையில் லாரிகளுக்கு வார்ப்பட உதிரிகள் செய்யும் ஒரு ஃபவுண்டரியில் கம்ப்யூட்டர் பிரிவுக்கு நான் பொறுப்பு. பிரிவு என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நானும், ஏ.சி. போட்ட ஒரு கண்ணாடி அறையும், அதற்குள் பீரோ மாதிரி நின்ற ஒரு சர்வரும்தான். சம்பளக் கணக்கு, சரக்கு இருப்பு, எந்த லாரியில் எத்தனை உருப்படி ஏறியது என்பதெல்லாம் அதன் வயிற்றில் இருந்தன.

அதற்கு ஒரு பிறவிக் கோளாறு உண்டு. சரக்கு விவரம் ஓர் அளவுக்கு மேல் சேர்ந்துவிட்டால் அப்படியே நின்றுபோகும். மாதக் கடைசியில்தான் நிற்கும், அதிலும் சம்பளம் போடுகிற அன்று பார்த்துத்தான் நிற்கும். இந்த மாதிரிக் கோளாறுகளுக்கு, மென்பொருளை எழுதியவர்களே அவ்வப்போது சின்னச் சின்னத் திருத்தங்கள் எழுதி டேப்பில் அனுப்புவார்கள். அதற்குத்தான் பேட்ச் என்று பெயர். ஏற்றினால் ஒரு தொல்லை தீரும், சில மாதத்தில் அடுத்தது தலைகாட்டும். ஸ்டோர்ஸில் இருப்பவர்களுக்கு நான் அதை விளக்கப்போக, அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் மேடம் பஞ்சர் ஒட்டக் கிளம்பிவிட்டார்கள் என்று சிரிப்பார்கள். கோபம் வரும். ஆனால் அவர்கள் சொன்னதில் தப்பும் இல்லை.

ஒப்பந்தம் இல்லாதவர்களுக்கு பேட்ச் வராது. வீட்டில் உட்கார்ந்தபடி இன்டர்நெட்டில் தேடி எடுக்கிற காலமும் அல்ல. பழைய கம்பெனியில் சர்வீஸ் எஞ்சினியராக இருந்தவர், அது மூடியதும் பெங்களூரில் டி.வி. ரிப்பேர் கடை போட்டிருந்தார். இதே மாடல் யார் யாரிடம் இருக்கிறது என்று அவரைக் கேட்டு, சொன்ன இடத்துக்கெல்லாம் போன் போட்டேன். ஓரிடத்தில் அதை எப்போதோ விற்றுவிட்டார்கள். இன்னோரிடத்தில் அதன் மேல் துணி விரித்துக் குடிதண்ணீர்ப் பானை வைத்திருந்தார்கள். ஒருவர், யாரைக் கேட்டு இந்த நம்பருக்குப் பண்ணினாய் என்று இங்கிலீஷில் வைதார்.

கடைசியாக, எல்லைக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளி தாண்டி இருந்த ஒரு தொழிற்சாலை. அங்கே அந்த மெஷினைப் பார்த்துக்கொண்டவர் எடுத்தார். நான் இங்கிலீஷில்தான் ஆரம்பித்தேன். அவர் ஒரு நிமிஷம் இருங்கள் என்று ரிசீவரை வைத்துவிட்டுப் போய்விட்டார். எஸ்.டி.டி. ஓடிக்கொண்டிருக்கிற எரிச்சலில், இதுவும் போச்சா என்று தமிழில் நான் முணுமுணுத்தது அவர் திரும்பி வந்த நேரத்தில் காதில் விழுந்திருக்கிறது.

"மேடம், நீங்க கிருஷ்ணகிரி பக்கமா?" என்றார்.

பாரூர் என்றேன். அவர் கிருஷ்ணகிரி பழையபேட்டை. அவருடைய அத்தா எங்கள் ஊருக்குப் பக்கத்தில் மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுப்பவராம். பிறகென்ன, பேட்சைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்தார்.

அவர்கள் கம்பெனி பம்பாய்க்காரர்களோடு ஒப்பந்தம் போட்டிருந்தது. பேட்ச் டேப்புகள் ஒழுங்காக வந்தன. அதை வெளியாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதும் அந்த ஒப்பந்தத்தில் இருந்தது. அது தெரிந்தேதான் கொடுக்கிறேன் என்றார். இந்த வட்டாரத்தில் அந்த மெஷினின் குணம் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். இத்தனை நாள் தனியாகப் புலம்பிக்கொண்டிருந்தவருக்குக் கூடப் புலம்ப ஓர் ஆள் கிடைத்த சந்தோஷம். அதைத் தவிர அவருக்கு வேறு ஆதாயம் எதுவும் இருக்கவில்லை என்று இன்றும் சத்தியம் செய்வேன்.

டேப் கிடைத்தும் எங்களுக்கு வழி பிறக்கவில்லை. ஃபவுண்டரித் தூசி கண்ணாடி அறைக்குள்ளும் நுழைந்து எங்கள் டேப் டிரைவை எப்போதோ தின்றுவிட்டிருந்தது. மாற்று கிடைக்கவில்லை. டேப்பைப் படிக்க முடியாத மெஷினுக்கு டேப் எதற்கு? அவர்தான் யோசனை சொன்னார். டேப் உங்களிடம் வர முடியாவிட்டால் உங்கள் டிஸ்க் என்னிடம் வரட்டும். எங்கள் மெஷினில் மாட்டி, பேட்சை ஏற்றிக் கொடுத்துவிடுகிறேன்.

மெஷினின் விவரங்கள் எல்லாம் பதிந்திருக்கிற அந்த டிஸ்க் செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரியது, கனமும் அதிகம். எங்களுக்கு ஞாயிறு விடுமுறை, மெஷின் சும்மா இருக்கும். அவர்களுக்கு வார விடுமுறை வியாழன், ஞாயிறு வேலை நாள். ஆனால் பெங்களூர் தலைமை அலுவலகம் அன்றைக்கு மூடியிருப்பதால் கம்ப்யூட்டரைத் தேடி யாரும் வர மாட்டார்கள். அவர் ஓசூரில் வாடகைக்குக் குடியிருந்து, அவர்கள் கம்பெனி பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தார். ஞாயிறு காலையில் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நான் டிஸ்க்கை டவலில் சுற்றித் துணிப்பையில் போட்டுக் கொடுப்பேன். சாயங்காலம் அதே இடத்தில் திருப்பிக் கொடுப்பார். திங்கள் காலையில் யாருக்கும் எதுவும் தெரியாமல் மெஷின் ஓடும். என் கணவர், உன் பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டதா என்று கேட்பார்.

காசு பேச்சே எடுக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். டீக்குக்கூடத் தன் டீக்குத் தானேதான் கொடுப்பார். கரும்பு ஆடும் காலத்தில் எங்கள் ஊரிலிருந்து வெல்லம் வந்தால் ஒரு பொட்டலம் கட்டிக் கொண்டுபோவேன். அதை மட்டும் மறுக்காமல் வாங்கிக்கொள்வார்.

இதில் ஒரே ஓர் ஓட்டை இருந்தது. எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களுக்குக் கேட்டின் சட்டம் தெரியும். உள்ளே போகும்போது எழுதாத சாமான் வெளியே வர முடியாது. வெளியாள் பொருளாக இருந்தால் கேட்டில் இருக்கிற இன்வர்ட் நோட்டில் பதிந்துவிட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். எங்கள் கேட்டில் என் பையை யாரும் திறந்து பார்ப்பதில்லை. ஆனால் அவர்கள் கேட்டில், அடுத்த கம்பெனியின் டிஸ்க்கை எப்படிப் பதிவது? அவர் பதியவில்லை. கம்பெனி பஸ் நேராக உள்ளே போய், நேராக வெளியே வந்துவிடும், பஸ்ஸுக்குள் ஏறிப் பையைச் சோதிக்கிற வழக்கம் இல்லை. அந்தத் தைரியம்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் காலையில் டிஸ்க்கைக் கொடுத்துவிட்டு வந்தேன். மத்தியானத்துக்குமேல் தண்ணீர்ப் பிரச்சினை முற்றி, எல்லையில் கலாட்டா என்று செய்தி வந்தது. எங்கள் பஸ்கள் ஜூஜூவாடியோடு நின்றன, அவர்கள் பஸ்கள் அத்திப்பள்ளியோடு நின்றன. இதற்கு முன்னாலும் இப்படி நடந்திருக்கிறது, அடுத்த நாளே சரியாகியும் இருக்கிறது. அந்தத் தடவை சரியாகவில்லை. அவர் தொழிற்சாலையிலேயே தங்கிவிட்டார். டிஸ்க்கும் அவரோடு தங்கியது.

திங்கள் காலையில் எங்கள் சர்வர் தலையில்லாத முண்டமாக நின்றது. மறு பிரதி கிடையாது. டேப் டிரைவ் செத்தவர்களுக்கு மறு பிரதி ஏது? இருந்தது எல்லாம் பிரின்ட் எடுத்த தாள்கள்தான். ஜி.எம்.மிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். பேட்ச் எங்கிருந்தோ வருகிறது என்பது அவருக்குத் தெரியும். எங்கிருந்து என்று அவர் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் கேட்டார்.

டிஸ்க்கோடு மாட்டிக்கொண்டவர் அங்கிருந்து எனக்குப் போன் செய்தபோது, அவசரப்பட வேண்டாம், வழி திறந்த பிறகு கம்பெனி பஸ்ஸிலேயே கொண்டுவாருங்கள், இங்கே தாள்களை வைத்து நான் சமாளிக்கிறேன் என்று சொன்னேன். சரி என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

அதற்கப்புறம் நடந்தது எங்கள் டெலிபோன் ஆபரேட்டர் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஜி.எம். என் மேஜையிலிருந்து நம்பரை எடுத்து, அவரைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். லாரிகள் நிற்கின்றன, ஆட்களுக்குச் சம்பளம் போட முடியவில்லை, நாளைக்குள் டிஸ்க் வராவிட்டால் அதற்கு நீதான் பொறுப்பு என்று சத்தம் போட்டிருக்கிறார். அவர் எங்கள் ஆள் இல்லை. எங்களிடம் ஒரு பைசா வாங்காதவர். அவரிடம் போய் அதட்டியிருக்கிறார். நாளைக்கே கொண்டுவருகிறேன் என்று அவர் பணிவாகச் சொன்னதைச் சொல்லி அந்த அக்காவே வருத்தப்பட்டார்.

மறுநாள் அவர் நடந்தே எல்லையைத் தாண்டிவிடலாம் என்று கிளம்பியிருக்கிறார். கம்பெனி பஸ் ஓடவில்லை. ஆகவே நடந்து போகிறவர்கள் கேட் வழியாக வந்தார். கலாட்டா நேரம் என்பதால் எல்லோருடைய பையையும் திறந்து பார்த்தார்கள். டவலுக்குள் டிஸ்க். இன்வர்டில் பதிவு இல்லை. அது கம்பெனியின் டிஸ்க் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? அதை மெஷினில் மாட்டி யாருடையது என்று பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவரைத்தான் வெளியே நிறுத்தியிருந்தார்கள்.

அவர் எதையும் மறைக்கவில்லை. பக்கத்துக் கம்பெனியின் டிஸ்க், பேட்ச் போட்டுக் கொடுத்தேன் என்றார். பதிலுக்கு என்ன வாங்கினாய் என்று கேட்டார்களாம். வெல்லம் என்று சொல்லியிருக்கிறார். பொய் சொல்லத் தெரியாதவர்கள் விசாரணையில் மாட்டினால் இதுதான் கதி. அன்பளிப்பு பெற்றதை ஒப்புக்கொண்டார் என்று அங்கே எழுதிக்கொண்டார்கள்.

அவர்களுடைய பர்சனல் மேனேஜர் எங்கள் ஜி.எம்.முக்குப் போன் செய்தபோது நான் அந்த அறையில்தான் இருந்தேன். அந்த மேனேஜர் கெட்டவர் இல்லை. டிஸ்க் எங்களுடையது, நாங்கள் கேட்டுத்தான் இவர் உதவினார் என்று ஒரே ஒரு கடிதம் கொடுங்கள், ஓர் எச்சரிக்கையோடு முடித்துக்கொள்கிறேன் என்றுதான் கேட்டார். கடிதம் இல்லாவிட்டால் இது திருட்டு. ரிசீவரைத் தாண்டி எனக்கும் கேட்கிற அளவுக்குத் தெளிவாகச் சொன்னார்.

ஜி.எம். ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "அந்த டிஸ்க் எங்களோடது இல்ல சார். அந்த ஆளையும் எங்களுக்குத் தெரியாது."

நான் அங்கேயே சண்டை போட்டேன். நேற்று அவரோடு பேசியது நீங்கள்தானே என்று கேட்டேன். வாழ்க்கையில் ஒரு மேலதிகாரியைப் பார்த்து நான் கத்தியது அந்த ஒரு தடவைதான். எழுதிக் கொடுத்தால் பம்பாய்க்காரன் அதையே சாட்சியாக வைத்துக் கேஸ் போடுவான், கம்பெனியைக் காப்பாற்றுவதா, யாரோ ஒருவனைக் காப்பாற்றுவதா என்றார். யாரோ ஒருவன். அந்தச் சொல் இன்னும் என் காதில் இருக்கிறது, அதை மன்னிக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

ஜனங்கள் நடந்து போய்வரலாம் என்றான அன்றே லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன். நடந்தவற்றை வெள்ளைத் தாளில் நானே எழுதி, என் பதவியையும் போட்டுக் கையெழுத்து வைத்திருந்தேன். ஜூஜூவாடியில் இறங்கி, மூட்டை முடிச்சோடு போகிறவர்களோடு நானும் நடந்தேன். வேகாத வெயில். வழியெல்லாம் என்ன பேசுவது என்று கன்னடத்திலும் இங்கிலீஷிலும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

பர்சனல் மேனேஜர் என்னை உட்காரவைத்துத் தாளை முழுக்கப் படித்தார். உங்களுக்கு உதவினவர் நேற்றே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார் என்றார். திருட்டு என்று எழுதி அனுப்பினால் வேறு எங்கும் வேலை கிடைக்காது, ஆகவே அவராகவே போனதாக முடித்துக்கொண்டோம் என்றார். என் தாளைத் திருப்பி நீட்டி, இது இங்கே இருந்தால் ஒரு வேலை போன இடத்தில் இரண்டு வேலை போகும் என்று அன்பாகத்தான் சொன்னார். நான் வாங்கவில்லை. மேஜையிலேயே விட்டுவிட்டு வந்தேன். அதனால் எனக்கு எந்தக் கெடுதலும் வரவில்லை. அவருக்கு எந்த நன்மையும் வரவில்லை. ஒரு நாள் முன்னால் எல்லை திறந்திருந்தால் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

அதற்கடுத்த வாரம் அவர்கள் கம்பெனி ஆள் ஒருவர் ஓர் அட்டைப்பெட்டியோடு எங்கள் கேட்டுக்கு வந்திருக்கிறார். உள்ளே டிஸ்க். அப்படி எதுவும் வந்தால் வாங்கக் கூடாது என்று ஜி.எம். ஏற்கெனவே செக்யூரிட்டிக்குச் சொல்லிவைத்திருந்தார். எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் அப்போது கண்ணாடி அறையில், கேட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருந்தேன். எனக்குத் தெரியவந்தபோது நாட்கள் ஓடிவிட்டன. போன் செய்து கேட்டால், பெங்களூர் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டோம், அதற்குமேல் தெரியாது என்றார்கள்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. வருஷக்கணக்காகப் பணம் இல்லை, பணம் இல்லை என்று பாட்டுப் பாடியவர்கள், மாதம் திரும்புவதற்குள் புது மெஷினுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். கணக்குப் பிரிவில் எல்லோரும் உட்கார்ந்து பழைய தாள்களைப் பார்த்து விவரங்களைத் திரும்பத் தட்டினோம். பழைய சர்வரைக் காயலான் கடைக்காரர் வந்து தள்ளிக்கொண்டு போனார். ஓர் ஆள் தன் பிழைப்பைப் பணயம் வைத்து உயிர்கொடுத்த மெஷின், மினி லாரியில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு போனது. புதியது நன்றாகத்தான் ஓடியது. அது ஓடுகிற ஒவ்வொரு நாளும் எனக்கு ஆத்திரமாக வந்தது. இதை முன்பே வாங்கியிருந்தால் என்ன?

உன் மேல் என்ன தப்பு என்று வீட்டில் கேட்டார்கள். தப்பு இல்லைதான். தப்பு இல்லாத வருத்தத்துக்கு மன்னிப்புக் கேட்டுத் தீர்த்துக்கொள்ளக்கூட வழியில்லை.

மாம்பழக் காலத்தில் ஊருக்குப் போகிற வழியில் கிருஷ்ணகிரியில் இறங்கினேன். அவர் ஓசூர் வீட்டைக் காலிசெய்துவிட்டு அத்தாவின் மண்டியில் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். விசாரித்துக்கொண்டு போனேன். மண்டி வாசலில் கூடை கூடையாகக் காய் இறங்கிக்கொண்டிருந்தது. தராசுப் பக்கத்தில் நின்று எடையைச் சொல்லிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் வேலையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு வந்தார். மெலிந்திருந்தார். சட்டையில் மாங்காய்ப் பால் பட்டுக் கறுத்திருந்தது. ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, ஊரில் எல்லோரும் சௌக்கியமா, ஏரி நிரம்பியதா என்று கேட்டார். என் ஜி.எம். செய்ததற்கு நான் வருத்தம் தெரிவிக்க ஆரம்பித்தேன். அதெல்லாம் எதுக்குங்க மேடம் என்று கையை ஆட்டிவிட்டார். ஆனால் அவருக்குக் கேட்க ஒன்று இருந்தது.

"டிஸ்க் உங்ககிட்ட வந்து சேந்துச்சுங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார்.

"விசாரணை வச்சா நான் நின்னு பேசியிருப்பேங்க. எப்படியும் மாசக்கணக்கா இழுத்திருப்பாங்க, அதுவரைக்கும் டிஸ்க்க சாட்சின்னு பூட்டி வச்சிருப்பாங்க. உங்க ஆளுங்களுக்கு சம்பளம் நிக்குதுன்னு உங்க ஜி.எம். சொன்னாரு. அதான், டிஸ்க்க உங்க கேட்ல கொண்டாந்து குடுக்கறதா இருந்தா நானே எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன்னு சொன்னேன். ஒத்துக்கிட்டாங்க."

மண்டியில் யாரோ எடையைக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் முன்னால் அழுதால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

"வந்துடுச்சுங்க" என்றேன்.

"பேட்ச் சரியா ஏறியிருந்துச்சா? சரக்கு விவரம் பெருத்தா இப்ப நிக்குதா?"

"நிக்கறதே இல்ல. நல்லா ஓடுது."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. மாதக் கடைசியில்கூடவா என்று திரும்பக் கேட்டார். மாதக் கடைசியில்கூட என்றேன். தராசுப் பக்கம் நின்றவரிடம், இவங்கதான் நான் சொன்ன பாரூர் மேடம் என்று பெருமையாகச் சொன்னார். நல்ல காயாகப் பொறுக்கி ஒரு பை கட்டித் தந்தார்.

நான் கிளம்பும்போது கூடவே ரோடு வரைக்கும் வந்தார். அவர் இடத்துக்கு வந்திருக்கும் புது ஆளை அவருக்குத் தெரியுமாம். அடுத்த பேட்ச் வந்ததும் எங்களுக்கும் போட்டுக் கொடுக்கும்படி சொல்லிவைத்திருக்கிறாராம். நாம் படுகிற பாடு தெரிந்த ஆள்தான், தயங்காமல் கூப்பிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை அவரும் வருவார் என்றார்.

நம்பரைச் சொன்னார். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். சரியாக எழுதியிருக்கிறேனா என்று ஒரு தடவை திருப்பிப் படிக்கச் சொன்னார். படித்தேன்.